ஊர்ப்பேர் போட்ட செப்புக்காசு

வெள்ளிமலைக்காரன் என்று சொன்னதும் ஆபீஸில் கேட்கும் முதல் கேள்வி, "அப்போ உங்க ஊர்ல வெள்ளி கிடைக்குமா பாஸ்?" என்பதுதான். கிடைக்காது சாமி. கல்வராயன் மலையில் கடுக்காய் கிடைக்கும், தேன் கிடைக்கும், சாமையும் தினையும் விளையும், இப்போ மரவள்ளி நிறைய போடறாங்க. வெள்ளி மட்டும் ஊர்ப்பேரோட சரி.

இந்தப் பதிவும் வெள்ளியைப் பற்றி இல்லை, தங்கத்தைப் பற்றியும் இல்லை. செப்புக்காசு பற்றி. அதுவும் ஏறக்குறைய ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி, ரோமானியர் ஆட்சிக்குக் கீழே இருந்த கிரேக்க ஊர்களில் அடிச்ச வெண்கலக் காசுகள். "அதுக்கும் கள்ளக்குறிச்சிக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று பின்னூட்டம் போடக் கிளம்புகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கணும். பதிவு முடியறதுக்குள்ள தென்பெண்ணை ஆத்துக்கு வந்துடுவேன். நீளமான பதிவு, டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல புதுக்கோட்டை

கிரேக்கத்துக்குப் போறதுக்கு முன்னாடி புதுக்கோட்டைக்கு ஒரு நடை போயிட்டு வருவோம். விஷயம் சுலபமா புரியும்.

வெள்ளைக்காரன் காலத்துல புதுக்கோட்டை தனி சமஸ்தானம். ஆனா பேருக்குத்தான் தனி. ராணுவம், வெளி விவகாரம் எல்லாம் கம்பெனி கையில, அப்புறம் மகாராணி கையில. ஊர்ல புழங்கின வெள்ளி ரூபாயும் பிரிட்டிஷ் ரூபாய்தான். ஆனா ஒரே ஒரு சலுகை: சின்னதா ஒரு செப்புக்காசு மட்டும் அவங்களே வெளியிட்டுக்கலாம். அதுதான் அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. நவராத்திரிக்கு அரிசியோட சேர்த்து இந்தக் காசையும் ஜனங்களுக்குக் கொடுப்பாங்க. 1889க்கு அப்புறம் இந்தக் காசை அடிச்சுக் கொடுத்ததே இங்கிலாந்தில் இருக்கிற பர்மிங்காம்! ஆனாலும் காசுல விக்டோரியா இல்லை, நம்ம அம்மன்தான். 1948ல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது, அம்மன் காசும் கதை ஆகிவிட்டது.

பெரிய பணம் பேரரசோடது, சில்லறை உள்ளூரோடது. நம்ம பாஷையில் சொன்னா, ரூட் பாஸ்வேர்டு மேலிடத்து கையில, ஒரே ஒரு போல்டர்ல மட்டும் எழுதறதுக்கு நமக்கு பர்மிஷன். அந்த ஒரு போல்டர்ல ஒரு ஊர் என்ன எழுதி வெச்சது என்பதுதான் இந்தப் பதிவோட மேட்டர்.

ரோம் விட்டுக்கொடுத்த சில்லறை

ரோம் கிழக்குப் பக்கம் பரவி கிரேக்கம், இன்றைய துருக்கி, சிரியா, எகிப்து எல்லாத்தையும் பிடிச்சப்போ, அங்கே ஏற்கனவே நூத்துக்கணக்கான கிரேக்க நகரங்கள் இருந்தன. ஒவ்வொண்ணுக்கும் தனி சபை, தனி திருவிழா, தனி தெய்வம், தனிக் காசு. ரோம் இதையெல்லாம் ஒரேயடியாக ஒழித்துக் கட்டவில்லை. பொற்காசைத் தன் கையில் வைத்துக்கொண்டது. வெள்ளியையும் பெரும்பாலும் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. வெண்கலத்தை விட்டுவிட்டது. ஒவ்வொரு ஊர்ச் சந்தைக்கும் சில்லறை அடித்து ரோமிலிருந்து வண்டியில் ஏற்றி அனுப்புவதெல்லாம் ஆகிற காரியமா? நீங்களே அடிச்சுக்கோங்க என்று விட்டதில் ரோமுக்கும் தலைவலி மிச்சம்.

இப்படி 500க்கும் மேற்பட்ட ஊர்கள் சுமார் 300 வருஷம் காசு அடித்திருக்கின்றன. இதையெல்லாம் வரிசைப்படுத்தும் 'ரோமன் பிராவின்ஷியல் காயினேஜ்' என்ற பெரிய பட்டியலின் முதல் தொகுதி 1992ல் வந்தது. இப்போ ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகவே தேடிப் பார்க்கலாம். ராத்திரி பத்து மணிக்குத் திறந்தா ரெண்டு மணிக்குத்தான் மூடுவீங்க, முன்னாடியே சொல்லிட்டேன்.

ஒரு காசு எப்படி இருக்கும்? பெரும்பாலும் ஒரு பக்கம் ரோமானியச் சக்கரவர்த்தியின் தலை. மறுபக்கம் ஊரோட தெய்வம், கோயில், ஆறு, மலை இப்படி ஏதாவது. சுற்றிக் கிரேக்க எழுத்து. அந்த எழுத்துல ஒரு அழகு இருக்கு. 'எபேசஸ்' என்று ஊர்ப்பேரைப் போடாமல், 'எபேசியருடைய' என்று வேற்றுமை உருபோடு போட்டிருப்பாங்க. ஊர் என்கிற இடத்தோட காசு இல்லை, அந்த ஊர் ஜனங்களோட காசு. முன்பக்கம் சக்கரவர்த்தி முகத்தைப் பொறித்துவிட்டு, பின்பக்கம் "இது எங்களுடையது" என்று எழுதி வைப்பதற்கு ஒரு தில் வேணும். ரோம் அதைக் கண்டுக்கவில்லை என்பது வேற விஷயம்.

பெருமை, போட்டி, கொஞ்சம் பீலா

அந்தச் சின்ன வட்டத்துக்குள்ள இவங்க அடிச்ச கூத்து கொஞ்சநஞ்சம் இல்லை.

ஏதென்ஸ் தன் வெண்கலக் காசில் சக்கரவர்த்தி முகத்தையே போடவில்லை. எப்பவும் போல அதீனா தேவிதான். பழைய பெருமையை மதிச்சு ரோமும் விட்டுவிட்டது. கியோஸ் தீவும் அப்படித்தான். அவங்க ஊர்ச் சின்னம் ஸ்பிங்க்ஸ், அது ஒரு பக்கம். மறுபக்கம் இது இத்தனை 'அஸ்ஸாரியா' மதிப்பு என்று எழுத்திலேயே போட்டிருப்பார்கள். அந்தக் காலத்துக் காசில் மதிப்பை எழுதுவது அபூர்வம்.

ஆசியா மாகாணத்தில் எபேசஸ், ஸ்மிர்னா, பெர்கமம் மூணுக்கும் ஓயாத சண்டை. யார் மாகாணத்தின் முதல் நகரம்? யார் ஊரில் சக்கரவர்த்தி வழிபாட்டுக் கோயில் அதிகம்? அந்தக் கோயிலுக்குக் காவலர் என்ற பொருளில் 'நியோகோரோஸ்' என்று ஒரு பட்டம் உண்டு. ஒரு கோயில் கிடைத்தால் நியோகோரோஸ், ரெண்டாவது கிடைத்தால் இருமுறை நியோகோரோஸ், அப்புறம் மும்முறை. கிடைத்த உடனே காசில் ஏத்திடுவாங்க. பட்டத்தைச் சரியா எழுதலைன்னு சண்டை முத்திப்போய், கி.பி. 140களில் அன்டோனினஸ் பையஸ் சக்கரவர்த்தி எபேசஸுக்குக் கடிதம் எழுதிச் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. ரெண்டு ஊருக்காரங்க நோட்டீஸில் யார் பேர் முதல்ல வரணும் என்று அடிச்சுக்கறதைப் பார்த்தவங்களுக்கு இது ஒண்ணும் புதுசா இருக்காது :-)

தார்சஸ் இன்னும் ஒரு படி மேல. 'முதலாவது, மிகப் பெரியது, மிக அழகானது' என்ற மூணு பட்டத்தையும் மூணே மூணு எழுத்தாகச் சுருக்கிக் காசில் போட்டுக்கொண்டது. துருக்கியில் இருந்த அபமேயா என்ற ஊரோட காசுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தண்ணீரில் மிதக்கும் ஒரு பெட்டி, அதற்குள் ஆணும் பெண்ணும், மேலே பறவைகள், பெட்டி மேல் கிரேக்கத்தில் 'நோவே'. ஆமாம், பைபிளில் வரும் நோவாவேதான். செப்டிமியஸ் செவரஸ் (கி.பி. 193-211) காலத்திலிருந்து இந்தக் காசு வருகிறது. ரோம் இன்னும் கிறிஸ்தவத்துக்கு மாறாத காலம் அது. எங்க ஊர் மலையிலதான் பேழை வந்து நின்னுச்சு என்று ஒரு ஊர்க்கதை இருந்திருக்கிறது, அதைக் காசில் ஏத்திட்டாங்க.

ஆன்சைட்டுக்கு லண்டன் போயிருந்தப்போ பிரிட்டிஷ் மியூசியத்தில் பணத்துக்கென்றே இருக்கும் 68ஆம் எண் அறையில் ஒரு சனிக்கிழமையைக் கழித்தேன். கூட வந்த நண்பர்கள் தங்கக் காசு பக்கமே நின்றார்கள். தங்கக் காசு பளபளன்னு, புதுசா அடிச்ச மாதிரி இருக்கும். செப்புக்காசு தேய்ந்து, மழுங்கி, பச்சை பூத்து இருக்கும். ஏன்னா அது நிஜமாவே கை மாறி கை மாறி ஓடியிருக்கு. கீரை வாங்கினவன், குளிக்கப் போனவன், கோயில் உண்டியலில் போட்டவன் எல்லாரும் தொட்ட காசு.

ஊரைத் தாண்டாத காசு

இந்த ஊர்க் காசுகள் பெரும்பாலும் அடிச்ச ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் தாண்டிப் போகவில்லை. பெர்கமத்தில் ஹேட்ரியன் சக்கரவர்த்தி காலத்துக் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. காசு மாற்றும் உரிமையை ஊர் சிலரிடம் ஒப்படைத்திருந்தது. வெள்ளி தினாரியஸ் கொடுத்துச் சில்லறை கேட்டால் 17 அஸ்ஸாரியா கிடைக்கும். சில்லறையைக் கொடுத்து தினாரியஸ் கேட்டால் 18 அஸ்ஸாரியா கொடுக்கணும். நடுவில் நிற்கும் ஒன்று மாற்றிக் கொடுப்பவனுக்கு. அதாவது ஊர்ச் சில்லறை ஊர்ச் சந்தைக்கு. வெளியூர் போகணும்னா வெள்ளியாக மாற்றிக்கொண்டு போகணும்.

இப்போ நம்ம பக்கம் திரும்புவோம். ரோமானியர்கள் மிளகு வாங்க இங்கே வந்த கதை எல்லாருக்கும் தெரியும். செங்கடல் கரையில் இருந்த மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகத்திலிருந்து மட்டும் வருஷத்துக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் போனதாக ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். இந்த வியாபாரத்துக்கெல்லாம் தலைவாசல் அலெக்சாந்திரியா. அதுவும் கிரேக்கர் கட்டிய ஊர், ரோமர் ஆட்சி, தனிக் காசு. கலங்கரை விளக்கம், நைல் நதித் தெய்வம், ஐசிஸ், செராபிஸ் என்று அமர்க்களமான காசுகள். சக்கரவர்த்தி பட்டத்துக்கு வந்து எத்தனையாவது வருஷம் என்பதும் கிரேக்க எழுத்திலேயே இருக்கும்.

இவ்வளவு கப்பல் அந்த வழியா வந்திருக்கே, அப்போ நம்ம மண்ணுல அலெக்சாந்திரியா காசு குவிஞ்சிருக்கணுமே? அதுதான் இல்லை. எகிப்துக்குள் எகிப்துக் காசு மட்டும்தான் செல்லும், வெளியே அதுக்கு மதிப்பில்லை. அதனால் இந்தியாவுக்குக் கிளம்பிய வியாபாரி ரோமானிய வெள்ளியையும் தங்கத்தையும்தான் மூட்டை கட்டினான். கோவை பக்கத்து வெள்ளலூர் போன்ற இடங்களில் குவியலாகக் கிடைத்த தினாரியஸ்களில் அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள்தான் அதிகம். அவற்றில் பரவலாகக் கிடைக்கும் ரெண்டு வகைகளும் இன்றைய பிரான்சில் இருக்கும் லியோன் நகரத்தில் அடித்தவை. எங்கே பிரான்ஸ், எங்கே நொய்யல் ஆறு! வெள்ளிக்கு அந்தத் தெம்பு உண்டு, எந்த ஊருக்குப் போனாலும் எடை போட்டு வாங்கிக்குவாங்க. ஊர்ப்பேர் போட்ட செப்புக்கு அது கிடையாது. அது தெரிஞ்சவங்க நடுவுலதான் செல்லும்.

கரூரில் அமராவதி ஆற்று மணலில் ரோட்ஸ், திரேஸ், கிரீட் போன்ற கிரேக்கப் பகுதிகளின் காசுகளும் சில கிடைத்திருக்கின்றன. 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 2000ல் அவற்றைத் தனிப் புத்தகமாகவே வெளியிட்டார். வணிகர்களின் மடியில் தப்பித் தவறி வந்தவை என்றுதான் அவற்றைச் சொல்ல முடியும்.

காரியின் குதிரை

இப்போ பெண்ணையாறு. சொன்ன சொல் காப்பாத்திட்டேன் பார்த்தீங்களா.

கல்வராயன் மலைக்கு வடக்கே தென்பெண்ணை ஓடுகிறது. அதன் கரையில் திருக்கோவிலூர், சங்க காலத்தில் கோவலூர். 2019ல் மாவட்டம் பிரித்ததிலிருந்து எங்க கள்ளக்குறிச்சி மாவட்டம்தான். மலையமான்கள் ஆண்ட ஊர். மலையமான் நாடு என்பதுதான் சுருங்கி மலாடு என்றானது. இவர்களில் பெரிய பேர் வாங்கியவன் திருமுடிக்காரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவனுடைய குதிரைக்கும் காரி என்றே பேர்.

மலையமான் பேரரசன் இல்லை. சேர சோழ பாண்டியர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட சின்ன மலைநாட்டுத் தலைவன். மூவேந்தரும் தன் பக்கம் சண்டைக்கு வா என்று ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்ததைக் கபிலர் புறநானூறு 122ல் பாடுகிறார். ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்கு வாங்கிக் கொடுத்தவனும் இவன்தான், அப்புறம் அதியமானிடம் கோவலூரைப் பறிகொடுத்தவனும் இவன்தான். அந்த அதியமான் நெடுமான் அஞ்சி பேரைச் சொல்லும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு 1981ல் திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் ஜம்பையில் கண்டுபிடிக்கப்பட்டது.

இந்தச் சின்னத் தலைவர்கள் காசு அடித்திருக்கிறார்கள். தங்கமில்லை, வெள்ளியில்லை, செம்பு. திருக்கோவிலூர் பக்கம் தென்பெண்ணை மணலில் கிடைத்த செப்புக்காசுகளை மலையமான் காசுகள் என்று அடையாளம் கண்டு சொன்னவரும் அதே கிருஷ்ணமூர்த்திதான். ஒரு பக்கம் குதிரை. மறுபக்கம் வளைந்து நெளிந்து ஓடும் ஆறு, மலைச் சின்னம். கிட்டத்தட்ட ஒரு மேப்! எங்க நாட்டுல இருக்கறது இதுதான், ஒரு மலை, ஒரு ஆறு, ஒரு நல்ல குதிரை என்று அட்டெஸ்ட் பண்ணிக் கொடுத்த மாதிரி.

இதைத் தனியா பார்த்தா ஒரு செப்புத் துண்டு. எபேசஸ், தார்சஸ் காசுகளுக்குப் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. அங்கேயும் ஊரோட ஆறு படுத்திருக்கும், ஊரோட மலை நிற்கும். ஒரு வித்தியாசம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கிரேக்க ஊர்கள் ரோமிடம் முழுசாகத் தோத்த பிறகு, ரோம் கொடுத்த இடத்தில் எழுதினார்கள். மலையமான் யாரிடமும் பர்மிஷன் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனா ரெண்டு பேருக்கும் பக்கத்தில் தங்களை விடப் பெரியவன் இருந்தான். ரெண்டு பேரும் தங்கள் அடையாளத்தைச் சொல்ல எடுத்துக்கொண்டது சந்தையில் தினம் கை மாறும் மலிவான உலோகத்தை. எங்க மலைக்கு வடக்கே செங்கம் பக்கம் ஆண்டிப்பட்டியில் கிடைத்தவை இதைவிட மலிவான ஈயக் காசுகள். அதிலும் தமிழ்ப் பிராமியில் சேந்தன் என்ற பேர், பின்பக்கம் மலையும் ஆறும். ஈயம்தானே என்று விட்டுவிடவில்லை, பேர் போட்டிருக்கான் மனுஷன்.

எங்க கல்வராயன் மலைக்கும் இது தெரிஞ்ச கதைதான். நாடு சுதந்திரம் அடைந்தது 1947ல். மூணு ஜாகீர்தார்களின் கையிலிருந்து இந்த மலை முழுசாக அரசாங்கத்திடம் வந்தது 1976ல். மேலே யாரோ பேரரசர், கீழே மலைக்காரனுக்குத் தெரிந்ததெல்லாம் ஜாகீர்தார் மட்டும் என்பதை எங்க தாத்தா தலைமுறை அனுபவத்திலேயே பார்த்தது. பெரிய வரலாற்றுப் புத்தகத்தில் இந்தச் சின்ன ஆட்சிகளுக்கு அரை வரிதான். அதனாலதான் சின்ன ஆள் தன் பேரைத் தானே பொறித்து வைத்த காசு எனக்குப் பெரிசாத் தெரியுது.

மூணு எழுத்தா சுருங்கின ஊர்

கிரேக்க ஊர்க் காசுகளுக்கு என்ன ஆச்சு? கி.பி. 3ஆம் நூற்றாண்டில் ரோமுக்குப் போர்ச் செலவு கழுத்தை நெரித்தது. வெள்ளிக் காசில் வெள்ளியைக் குறைத்துக்கொண்டே போனார்கள். 260களில் வெள்ளிக்காசு என்பதே வெள்ளி முலாம் பூசின செம்பாகிவிட்டது. சக்கரவர்த்தியின் வெள்ளியே செம்பு விலைக்கு வந்துவிட்டால், ஊர்ச் செம்புக்கு என்ன மரியாதை? ஒவ்வொரு ஊராக அடிப்பதை நிறுத்திக்கொண்டது. 270களில் அனேகமாக எல்லா ஊர்களும் நிறுத்திவிட்டன. அலெக்சாந்திரியா மட்டும் டயோக்ளீஷியன் காலத்தில் சுமார் 296 வரை தாக்குப்பிடித்தது.

அதற்குப் பிறகு பேரரசு முழுவதும் ஒரே மாதிரி காசு. அந்தியோகியா, அலெக்சாந்திரியா, நிகோமீடியா, சிசிகஸ், தெசலோனிகா, அப்புறம் கான்ஸ்டான்டிநோபிள் என்று கிரேக்க மொழி பேசிய அதே பெரிய ஊர்களில்தான் அக்கசாலைகள் இருந்தன. ஆனால் அவை இப்போ ஊரோட அக்கசாலைகள் இல்லை, சக்கரவர்த்தியோடவை. ஊர்த் தெய்வம் போச்சு, ஆறு போச்சு, கோயில் போச்சு, நோவாவோட பெட்டி போச்சு. கிரேக்க எழுத்தும் போய் லத்தீன் வந்தாச்சு. ஊர்ப்பேர் மட்டும் காசின் அடியில் ஒரு ஓரமா, பொடி எழுத்தில். அந்தியோகியாவுக்கு ஏ-என்-டி, அலெக்சாந்திரியாவுக்கு ஏ-எல்-ஈ. அதுவும் பெருமைக்கு இல்லை, எடை குறைந்தால் யாரைப் பிடித்து உதைக்கலாம் என்று தெரிவதற்கு! நம்ம சாஃப்ட்வேரில் பில்ட் நம்பர் போடற மாதிரி. அந்த முத்திரைக்குப் பக்கத்தில் எந்தப் பட்டறை என்பதற்கு ஒரு எண் வரும். கிழக்கு அக்கசாலைகளில் அதை ஆல்ஃபா, பீட்டா, காமா என்று கிரேக்க எழுத்திலேயே போட்டார்கள். முன்னூறு வருஷம் "எபேசியருடைய" என்று முழுசாக எழுதிய மரபில் மிச்சமாக நின்றது அந்த ஒத்தை எழுத்து.

இந்தக் காசுதான் கடல் தாண்டி நம்ம ஊருக்கு வந்தது!

4, 5ஆம் நூற்றாண்டுகளின் பிற்கால ரோமானியச் செப்புக்காசுகள் தமிழ்நாட்டில் பல இடங்களில் கிடைக்கின்றன. இலங்கையில் ஆயிரக்கணக்கில். அக்கசாலைப் பேர் படிக்க முடிகிறவற்றில் பெரும்பாலானவை கிழக்கத்தியவை, அதாவது அந்தக் கிரேக்க ஊர்களில் அடித்தவை. வைகை கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் தியோடோசியஸ், அர்காடியஸ் போன்றவர்களின் காசுகள் கிடைத்தன. கிருஷ்ணமூர்த்தி 1994ல் இந்தச் செப்புக்காசுகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே மூணு ஊர்ப்பேர் இருக்கு: கரூர், மதுரை, திருக்கோவிலூர்.

திருக்கோவிலூர்! குதிரை போட்ட மலையமான் காசு கிடைத்த அதே ஊர்.

ஊர்ப்பேரைப் பெருசா போட்டப்போ தாண்டாத காசு, ஊர்ப்பேர் சுருங்கின பிறகு தாண்டிவிட்டது. காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். இப்போ இது அலெக்சாந்திரியா காசும் இல்லை, அந்தியோகியா காசும் இல்லை. எங்கே அடித்திருந்தாலும் ஒரே மாதிரி இருக்கும் ஒரு செப்பு வில்லை. அதை யார் வேணும்னாலும் எடுத்துப் புழங்கலாம். இலங்கையில் இதே மாதிரி பார்த்து உள்ளூரிலேயே நகல் அடித்திருக்கிறார்கள். தினசரிச் சில்லறையாகப் புழங்காத காசுக்கு யாராவது நகல் அடிப்பார்களா? அப்படியென்றால் நம்ம சந்தையில் யாரோ ஒருத்தர் கையில் இருந்த காசில் அந்தியோகியா என்ற பேர் மூணு எழுத்தாக இருந்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் ஒருத்தர்கூட இருந்திருக்க மாட்டார். காசு செல்லுபடியாயிற்று, அவ்வளவுதான் வேணும்.

புளி போட்டுத் தேய்க்காதீங்க சாமிகளா

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

மேலே சொன்ன செப்புக்காசுகளில் பெரும்பாலானவை அகழாய்வுக் குழியில் கிடைத்தவை இல்லை. ஆற்று மணலைச் சலித்தவர்கள் கையில் கிடைத்து, பாத்திரக்கடைக்கும் காசு வியாபாரிக்கும் எடைக்குப் போனவை. நடுவில் ஒருத்தர் பார்த்து வாங்கினதால் தப்பித்தன. கிருஷ்ணமூர்த்தி காசு ஆராய்ச்சி படித்துப் பட்டம் வாங்கி வந்தவர் இல்லை. பகலில் பத்திரிகை, மிச்ச நேரத்தில் காசு. பாண்டியன் பெருவழுதி பேர் தமிழ்ப் பிராமியில் பொறித்த செப்புக்காசு 1980களின் நடுவில் அவர் கைக்கு வந்தது. சங்க காலத் தமிழ் அரசர்கள் தங்கள் பேரிலேயே காசு வெளியிட்டார்கள் என்பதற்கு அது பெரிய சாட்சி. 2021ல் அவர் காலமானார். நேரம் கிடைக்கும்போது பதிவு எழுதற நம்மை மாதிரி ஆளுங்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கு.

தங்கம் கிடைத்தால் செய்தியாகும். திருக்கோவிலூர் வட்டத்தில் சோரியப்பட்டில் ரோமானியப் பொற்காசுப் புதையல் கிடைத்தது, அருங்காட்சியகத்துக்கும் போனது. செம்பு கிடைத்தால் யாரும் போலீசுக்கும் போக மாட்டார்கள், தாசில்தாருக்கும் சொல்ல மாட்டார்கள். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்கணும் என்கிறது. பழைய செப்புக்காசை எடைக்கடைக்காரர் பத்து ரூபாய் பெறாது என்பார். ஆனால் அதில் இருக்கும் தகவலுக்கு எந்தத் தராசில் எடை போடுவது?

எங்க பக்கம் ஒரு பெரியவர் வீட்டில் பூஜை மாடத்தில் நாலு செப்புக்காசு வெச்சிருந்தார். ஆத்துல கிடைச்சதாம். "புளி போட்டுத் தேய்ச்சேன் தம்பி, தங்கமாட்டம் மின்னுது பாரு" என்று எடுத்துக் காட்டினார். மின்னத்தான் செய்தது. பச்சைப் படிவத்தோடு சேர்ந்து மேலே இருந்ததெல்லாம் போய்விட்டது. ரோமானியக் காசா, கம்பெனிக் காசா, மலையமான் காசா, ஒண்ணும் சொல்ல முடியவில்லை. அடியில் ஏ-என்-டி இருந்திருந்தாலும் இனிமேல் எந்த மைக்ராஸ்கோப் வெச்சும் படிக்க முடியாது. அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். சாமிக்கு வைக்கிற பொருளைத் தேய்ச்சு வைக்கிறதுதானே நம்ம பழக்கம். அது என்ன என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

அதனால மக்களே, ஊருக்குப் போகும்போது வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. பழைய செப்புக்காசு இருந்தா புளி, எலுமிச்சை, பிரஷ், பவுடர் எதுவும் வேண்டாம். ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க. விட்டத்தை ஸ்கேல் வெச்சு அளங்க. எல்லாத்தையும் விட முக்கியம், எந்த ஊரில், எந்த ஆற்றில், எந்த வயலில் கிடைத்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காசோட சேர்த்து ஒரு கவரில் போட்டு வையுங்க. மாவட்ட அருங்காட்சியகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்க. கிடைத்த இடம் தெரியாத காசு, தலைப்பு இல்லாத மெயில் மாதிரி. உள்ளே என்ன இருந்தாலும் யாருக்கு, எதுக்கு வந்தது என்று புரியாது.

அபமேயாக்காரன் தன் ஊர்க்கதையையும் மலையமான் தன் குதிரையையும் பொறித்து விட்டது செம்பில்தான். பொன்னில் எழுதும் வசதி ரெண்டு பேருக்கும் இருந்ததில்லை. அந்தச் செம்பை நாமளே தேய்ச்சு அழிச்சிடக் கூடாது.

அடுத்த பதிவில் ஜம்பைக் கல்வெட்டைப் பற்றி எழுதலாம் என்று இருக்கேன். திருக்கோவிலூர், மணலூர்ப்பேட்டை, சங்கராபுரம் பக்கத்துப் பதிவர்கள் யாராவது இருந்தா பின்னூட்டத்தில் கை தூக்குங்க, ஒரு ஞாயித்துக்கிழமை சேர்ந்தே போய்ட்டு வரலாம். டீ செலவு என்னோடது. சில்லறை மட்டும் நீங்க கொண்டு வாங்க :-)